பழைய பாணித் துப்பாக்கி: விலை பேசும் முன் கோலை உள்ளே விட்டுப் பாருங்கள்

கேள்வி: பென்சில்வேனியாவில் பதினோரு வருடமாக இருக்கிறேன், குடியுரிமையும் வாங்கிவிட்டேன். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அலுவலக நண்பர்கள் பிளின்ட்லாக் என்ற, குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் திணிக்கும் பழைய பாணித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போவார்கள். போன வருடம் நானும் போனேன். அந்தப் புகையும் வாசனையும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பக்கத்து ஊர் ஏலத்தில் ஹாக்கன் என்ற பழைய அமெரிக்க ரகத் துப்பாக்கி ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: முதலில் அது எப்படிப் பற்றவைக்கிறது என்று பாருங்கள். ஹாக்கன் ரகங்களில் பெரும்பாலானவை பெர்கஷன் கேப், அதாவது அடித்தால் தீப்பற்றும் சின்ன உலோக மூடி, வைத்துச் சுடுபவை. உங்கள் மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய அந்தப் பருவத்துக்கு சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி தரும் பிளின்ட்லாக்தான் வேண்டும், அதுவும் .44 காலிபருக்கு (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்) குறையாமல். கேப் வைக்கும் துப்பாக்கியை எவ்வளவு மலிவாக வாங்கினாலும் அந்த வேட்டைக்கு உதவாது.

பிளின்ட்லாக்தான் என்றால், விலை பேசுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். துப்பாக்கியோடு வரும் திணிக்கும் கோலைக் குழல் வாய் வழியாக அடிவரை விட்டு, வாய் விளிம்பில் கோலின் மேல் விரலால் அடையாளம் பிடியுங்கள். கோலை வெளியே எடுத்து, அதே அளவைக் குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி பற்றுவாய்க்கு, அதாவது பக்கவாட்டில் தீ நுழையும் சின்னத் துளைக்கு, அருகே வந்தால் குழல் காலி. இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில், சுவரில் அலங்காரமாகத் தொங்கிய துப்பாக்கி ஒன்றை நான் வாங்கினேன். வீட்டுக்கு வந்துதான் கோலை விட்டுப் பார்த்தேன். மூன்று அங்குலம் குறைந்தது. வழி முழுக்க என் பையன் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. இந்தத் துப்பாக்கிகளில் போடும் பழைய பாணி வெடிமருந்தான கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருடம் ஆனாலும் வீரியம் போகாது. உங்களுக்கும் அப்படி ஒன்று வந்தால் சுட்டுக் காலி செய்யப் பார்க்காதீர்கள், குழல் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள், தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

குழல் காலி என்று தெரிந்த பிறகு உள்ளே சின்ன விளக்கை இறக்கிப் பாருங்கள். மரக்கட்டையின் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள், அதை யாரும் ஒரு வார இறுதியில் மெருகேற்றிவிடலாம். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும், அதில் ஒரு பகுதி குழலில் கசடாகத் தங்கும். அந்தக் கசடு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைக்கும். சுட்ட அன்றே சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவாதவர் வைத்திருந்த துப்பாக்கி, அடிப்பக்கம் பள்ளம் பள்ளமாக அரித்திருக்கும். அப்புறம் கல்லைக் கவ்வியிருக்கும் குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தி, விசையை அழுத்திப் பாருங்கள். அது விழுந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டாம்.

குழலின் உள்முறுக்கையும், அதாவது உள்ளே சுழன்று போகும் வரிப்பள்ளம் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதையும், கேளுங்கள். துணியில் சுற்றி இறக்கும் உருண்டைக் குண்டுக்கு 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அல்லது அதைவிட மெதுவானது நல்லது. 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் அது நீளக் குண்டுகளுக்கானது. ஏலத்தில் நவீன இன்லைன் ரகம் (பற்றவைப்பு மருந்துக்கு நேர் பின்னால் இருப்பது) ஏதாவது கண்ணில் பட்டால், சிவிஏ நிறுவனம் 1995, 1996-இல் செய்த இன்லைன் துப்பாக்கிகளை 1997-இல் திரும்பப் பெற்றது என்பதை நினைவில் வையுங்கள். வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 95 அல்லது 96 என்று இருந்தால் தொடவே வேண்டாம்.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். அமெரிக்கச் சுதந்திரப் போர் நிகழ்வுகளை நடித்துக் காட்டும் குழுவில் சேர்ந்திருக்கிறேன். பிரவுன் பெஸ், அதாவது அந்தக் கால பிரிட்டிஷ் படையின் மஸ்கட் துப்பாக்கி, வேண்டும். இத்தாலியில் செய்தது ஆயிரம் டாலருக்கு மேல் சொல்கிறார்கள், இந்தியாவில் செய்தது அதில் பாதி. நம் நாட்டுப் பொருள்தானே என்று மனசு அதன் பக்கம் போகிறது.

பதில்: உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. இந்தத் துப்பாக்கிக்கும் நமக்கும் பழைய தொடர்பும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்காகச் செய்த, 39 அங்குலக் குழல் கொண்ட வடிவத்துக்கு ‘இந்தியா பேட்டர்ன்’ என்றே பெயர். பிரான்சோடு போர் மூண்டபோது பிரிட்டிஷ் ராணுவமே அதை எடுத்துக்கொண்டது. ஆனால் அமெரிக்கச் சுதந்திரப் போர் நடிப்புக்கு அது காலத்தால் பிந்தியது. உங்கள் குழு கேட்பது 46 அல்லது 42 அங்குலக் குழலாக இருக்கும். முதலில் அதை விசாரியுங்கள்.

இந்தியாவிலிருந்து வரும் மஸ்கட்கள் பலவும் பற்றுவாய் துளைக்காமலே விற்கப்படுகின்றன, சுட முடியாத பொருள் என்ற கணக்கில். வாங்கியவரோ விற்பவரோ பிறகு துளை போடுகிறார்கள். எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. பல வருடம் அதைத் தூக்கிக்கொண்டு அணிவகுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் குழல் அழுத்தத்தைத் தாங்கும் என்று யார் சோதித்தார்கள் என்பதற்கு அதில் முத்திரை இருக்கிறதா? இத்தாலியில் அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்தில் கூடுதல் மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, முத்திரை குத்திய பிறகுதான் விற்க முடியும். பெடர்சோலி போன்ற கம்பெனிகளின் குழலில் அந்த முத்திரையையும் ஆண்டுக் குறியையும் நீங்களே பார்க்கலாம். அமெரிக்காவில் அப்படிக் கட்டாயச் சோதனை கிடையாது. சுவரில் மாட்ட மட்டும் என்றால் மலிவானதை வாங்குங்கள். குண்டு போட்டுச் சுடுவதானால் முத்திரை இல்லாத குழலுக்குப் பக்கத்தில் உங்கள் கன்னத்தை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இன்னொன்று. மத்தியச் சட்டம், 1968-இலிருந்து, இவ்வகைத் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் ‘பழம்பொருள்’ என்று ஒதுக்கிவைக்கிறது. ‘எந்தத் தாளும் தேவையில்லை’ என்று இணையக் கடைக்காரர் சொல்வது அதை வைத்துத்தான். நியூ ஜெர்சி அப்படி விடுவதில்லை. துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டையை எடுத்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

கேள்வி: உண்மையான கருமருந்து கிடைக்கவில்லை. அதற்கு மாற்றாக விற்கும் பைரோடெக்ஸ் போட்டால் போதாதா?

பதில்: கேப் துப்பாக்கிக்குச் சரி. பிளின்ட்லாக்கில் பற்றுவாய்க்கு வெளியே சிறிது மருந்து வைக்கும் கிண்ணியிலிருந்து வரும் தீக்குப் பைரோடெக்ஸ் எளிதில் பற்றாது, ஏனென்றால் அது பற்ற அதிக வெப்பம் வேண்டும். ஆகவே துப்பாக்கிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, வண்டியில் போய்வரும் தூரத்தில் கருமருந்து விற்கும் கடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2021-இல் லூசியானாவின் கோயெக்ஸ் கருமருந்து ஆலை மூடப்படுவதாக அறிவிப்பு வந்தபோது பலர் தவித்தார்கள். மறுவருடம் எஸ்டெஸ் நிறுவனம் அதை வாங்கியது. தபாலில் வரவழைத்தால் அபாயப் பொருள் கட்டணம் தனி. கிளப்பில் நாலு பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டால் அது கையைக் கடிக்காது. .50 காலிபருக்குக் கீழே மூன்று எஃப் (நுண்ணிய தூள்), அதற்கு மேலே இரண்டு எஃப் (சற்றுப் பருமனான தூள்) என்பது பொதுவான வழக்கம், ஆனாலும் துப்பாக்கியோடு வரும் கையேடு சொல்வதே முடிவு. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூட இதில் போடக் கூடாது. குழல் வெடித்துவிடும்.

கேள்வி: திண்டுக்கல் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது. லைசென்ஸ் அவர் பெயரில். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. அமெரிக்காவில் சேகரிப்பாளர்கள் நல்ல விலை தருவார்கள் என்று அண்ணன் சொல்கிறார்.

பதில்: விலையை விடுங்கள், அது இன்னும் உங்கள் வீட்டில் இருப்பதே சிக்கல். லைசென்ஸ் தாத்தாவோடு போயிற்று. காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ உடனே ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு என்ற முறையில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. பழசு என்பதால் விதிவிலக்கு உண்டு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்குத்தான். நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருள் என்றால் 1972-ஆம் வருடச் சட்டப்படி தனியார் அதை நாட்டை விட்டு அனுப்பவே முடியாது. அண்ணனிடம் இதைச் சொல்லிவிட்டு, நாளைக் காலையிலேயே ஒரு வக்கீலையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய்வாருங்கள்.