எடை குறைந்த மலையேற்றப் பனிச்சறுக்குப் பலகைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: லிஃப்ட் வசதி உள்ள சரிவுகளில் சில ஆண்டுகளாகப் பனிச்சறுக்குப் பழகிய நான், இனி என் கால் பலத்திலேயே மலையேறி இறங்க விரும்புகிறேன். ஒரு பலகையின் எடை 1,000 கிராமுக்குக் குறைவாக இருக்கும் மாதிரிகளையே வாங்க வேண்டும் என்று நண்பர் வற்புறுத்துகிறார். அவர் சொல்வது சரிதானா?

பதில்: ஏறும்போது சரி; இறங்கும்போது பெரும்பாலும் சரியில்லை. காலில் மாட்டிய எடையை ஒவ்வோர் அடியிலும் முன்னே தள்ள வேண்டியிருப்பதால், முதுகுப் பையில் இருக்கும் அதே எடையைவிட அது உடலை அதிகமாகக் களைப்படையச் செய்கிறது. சில மணி நேர ஏற்றத்தின் முடிவில் 200 கிராம் வித்தியாசத்தைத் தொடைகள் நன்றாகவே உணரும். ஆனால் அந்த 200 கிராம் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். நடுப்பகுதியில் பீச், பாப்ளர் போன்ற மரங்களுக்குப் பதிலாகப் பவுலோனியா, பால்சா போன்ற இலேசான மரங்களையும், கண்ணாடியிழைக்குப் பதிலாகக் கார்பன் இழையையும் வைக்கிறார்கள். உலோகத் தகட்டை நீக்குகிறார்கள். பல மாதிரிகளில் எஃகு விளிம்பையும் அடித்தளப் பிளாஸ்டிக்கையும் மெல்லியதாக்குகிறார்கள். இதனால் விறைப்பு குறைந்துவிடுவதில்லை. அதிர்வை அடக்கும் நிறைதான் போய்விடுகிறது. மென்மையான புதுப்பனியில் இந்த இழப்பு தெரியாது. பகலில் உருகி இரவில் இறுகிய கரடுமுரடான பனியிலோ, காற்று அடித்துக் கெட்டித்த மேற்பரப்பிலோ பலகை தடதடவென்று அதிர்ந்து, நீங்கள் நினைத்த கோட்டிலிருந்து விலகிப் போகும். அப்போது களைத்த கால்களால்தான் அதைச் சமாளித்தாக வேண்டும்.

ஆகவே, நீங்கள் இறங்க நேரக்கூடிய மிக மோசமான பனியை மனத்தில் வைத்துப் பலகையைத் தேர்ந்தெடுங்கள். முதன்முதலாக வாங்குபவருக்கு ஒரு பலகை 1,200 முதல் 1,500 கிராம் வரை, இடைப்பகுதி அகலம் 85 முதல் 95 மில்லிமீட்டர் வரை இருப்பது நல்லது என்பது என் கருத்து. அதைவிட அகலமானது ஆழமான பனியில் நன்றாக மிதக்கும். ஆனால் இறுகிய சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது விளிம்பு பிடிமானம் பெறுவதற்குக் கணுக்கால் கூடுதலாக உழைக்க வேண்டும். நீளம் உங்கள் உயரத்தைவிட 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை குறைவாக இருந்தால், செங்குத்தான ஏற்றத்தில் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் திரும்புவது எளிதாகும். 1,000 கிராமுக்குக் குறைந்தவை, பந்தய வீரர்களுக்கும், ஏற்றத்தையே நோக்கமாகக் கொண்டு இறக்கத்தை வீடு திரும்பும் வழியாக மட்டும் கருதுபவர்களுக்கும் உரியவை. உங்கள் நண்பர் எப்படி இறங்குகிறார் என்பதை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் ஆலோசனையை எடைபோடுங்கள்.

கேள்வி: எடை குறைந்த பலகையை வாங்கிவிட்டேன். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கையும் அதே போல மிக இலேசானதாகத் தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: பூட்ஸின் முனையையும் குதிகாலையும் சிறு ஊசிகளால் பற்றிக்கொள்ளும் பைண்டிங் வகையை ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் பார்த்தெல் 1980-களில் உருவாக்கினார், இன்றைய இலேசான பைண்டிங்குகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே. இவற்றில் பந்தயத்துக்கென்று செய்யப்பட்ட மிக இலேசான சிலவற்றில், விழும்போது காலை விடுவிக்கும் விசையின் அளவை மாற்றவே முடியாது. முழங்காலை மதிப்பவர், உயரத்துக்கும் எடைக்கும் திறமைக்கும் ஏற்ப அந்த அளவை மாற்றத்தக்கதும், மலையேற்றப் பனிச்சறுக்கு பைண்டிங்குகளுக்கான ஐஎஸ்ஓ 13992 தரச் சான்று பெற்றதுமான பைண்டிங்குக்காகச் சில நூறு கிராம்களைத் தாராளமாகச் சுமக்கலாம். ஏறும்போது முன்பகுதியைப் பூட்டிவைத்தால் அது எளிதில் விடுபடாது என்பதையும், பனிச்சரிவு ஏற்பட்டால் விடுபடாத பலகை உடலைக் கீழே இழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். இறங்கத் தொடங்கும் முன் பூட்டைத் திறந்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஊசிகளுக்குக் கீழேயும் பூட்ஸின் குழிகளிலும் இறுகிய பனியைச் சுரண்டி எடுங்கள், ஏனெனில் சரியாக மாட்டாத ஊசி முதல் திருப்பத்திலேயே கழன்றுவிடும்.

பைண்டிங்கைப் பொருத்தத் துளையிடும் வேலையைப் பழகிய பட்டறையிடம் விடுவதே உத்தமம். பல பலகைகளின் மேற்பரப்பிலேயே துளையின் விட்டமும் ஆழமும் அச்சிடப்பட்டிருக்கும், 3.5 அல்லது 4.1 மில்லிமீட்டர் விட்டமும் 9 மில்லிமீட்டர் ஆழமும் வழக்கமான அளவுகள். பால்சா போன்ற மென்மரத்தில் திருகை ஒரு சுற்று அதிகமாக இறுக்கினாலும் மரை அழிந்து பிடிப்புப் போய்விடும்.

கேள்வி: அடித்தளத்தையும் விளிம்பையும் எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை தீட்ட வேண்டும்? மெழுகு அவசியமா?

பதில்: காலக் கணக்கு வேண்டாம், கண்ணும் விரலும் போதும். அடித்தளம் வெளிறிச் சொரசொரப்பானால் மெழுகு தேவை. விளிம்பின் மீது நகத்தைக் குறுக்காக இழுத்தால் சீவல் விழாதபோது தீட்டல் தேவை. மெல்லிய விளிம்பில் தேய்க்கக் கிடைக்கும் எஃகு குறைவு என்பதால், அரத்தை அரிதாகவே எடுத்து, பாறையில் உரசி எழுந்த பிசிர்களை வைரத்தூள் பூசிய கல்லால் நீக்குவதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டறையில் இயந்திரத்தில் ஒவ்வொரு முறை அரைப்பதும் பலகையின் ஆயுளில் ஒரு பங்கைக் கழிக்கிறது. மெழுகிடும் இஸ்திரிப் பெட்டியை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். அளவு மீறிய வெப்பம் மெல்லிய அடித்தளத்தையும் அதன் கீழுள்ள பசையையும் கெடுக்கும். ஆறிய மெழுகை நன்றாகச் சுரண்டித் தூரிகையால் தேய்த்துவிடாவிட்டால், ஏறும்போது பின்னோக்கி வழுக்காமலிருக்கப் பலகையின் அடியில் ஒட்டும் ரோமப் பட்டையான ஸ்கின்னின் பசையில் மெழுகு படிந்து அது உரிந்து விழும்.

உண்மையில் அஞ்ச வேண்டியது, பாறை அடித்தளத்தைக் கிழித்து உள்ளே மரம் தெரியும் அளவுக்கு ஆகும் காயத்தைத்தான். அந்த வழியே உருகிய நீர் மரத்துக்குள் ஊறி, உறைந்து, அடுக்குகளைப் பிரிக்கும். அன்றைய பயணம் முடிந்ததும் பலகையை அறை வெப்பத்தில் முழுவதுமாக உலரவிட்டு, மரம் தெரியும் இடத்தை எபாக்ஸியால் மூடி, அது கெட்டிப்பட்ட பிறகே அடித்தளப் பிளாஸ்டிக்கை நிரப்புங்கள். உருக்கி ஊற்றும் பிளாஸ்டிக் மரத்தோடு நேரடியாக ஒட்டி நிற்பதில்லை. ஈரம் இருக்கும்போதே அடைத்துவிடுவது காயத்தை அப்படியே விடுவதைவிடக் கேடானது.

கேள்வி: ஸ்கின் வாங்கும்போது மொஹேர் நல்லதா, நைலான் நல்லதா?

பதில்: அங்கோரா ஆட்டு ரோமமான மொஹேர் நன்றாக வழுக்கிச் செல்லும், இலேசானது, சீக்கிரம் தேயும், நைலான் உறுதியாகப் பற்றும், நீண்ட நாள் உழைக்கும். இரண்டும் கலந்தது பெரும்பாலோருக்குப் போதும். எஃகு விளிம்பு இருபுறமும் வெளியே தெரியும்படி வெட்டிக்கொள்ளுங்கள். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள். அடுப்பு, ஹீட்டர் அருகே கொண்டுபோனால் பசை இளகிவிடும்.

கேள்வி: பருவம் முடிந்த பிறகு பலகைகளை எப்படி வைத்திருப்பது?

பதில்: துடைத்து உலர்த்தி, விளிம்பின் துருவை ரப்பர் கல்லால் நீக்கி, அடித்தளத்தின் மீது தடித்த மெழுகைப் பூசி, சுரண்டாமல் அப்படியே விடுங்கள். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், பட்டைகளால் இறுக்கிக் கட்டாமல் வையுங்கள். அடுத்த பருவத்தின் முதல் பயணத்துக்கு முன் பைண்டிங் திருகுகளைச் சரிபார்க்கையில், அவற்றுக்குரிய 3-ஆம் எண் போஸிடிரைவ் என்ற சிலுவை வடிவத் திருப்புளி முனையையே பயன்படுத்துங்கள். சாதாரண நட்சத்திரத் திருப்புளி திருகின் தலையை அரித்துவிடும்.