சனி 200 கிலோமீட்டர், ஞாயிறு 21: கேள்வி பதில்

சென்னையில் மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கினால் ஓட்டக்காரர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திருவிழாக் காலம்தான். சனிக்கிழமை 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்), மறுநாள் விடியலில் 21 கிலோமீட்டர் அரை மாரத்தான் ஓட்டம் என்று இரண்டும் ஒரே வாரக் கடைசியில் வந்து சேரும். நம் குழுவில் பலர் இந்த முறை இரண்டுக்கும் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். கேட்ட கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: சனிக்கிழமை எவ்வளவு நிதானமாக மிதித்தீர்கள், எவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டீர்கள் என்பதில்தான் ஞாயிறு ஓட்டம் இருக்கிறது. என் பதில்கள் பலவும் அதைச் சுற்றியே வரும்.

குரோம்பேட்டையிலிருந்து: பிரெவே போட்டியா? என் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்தான். நேரத்துக்குள் முடிப்பேனா?

போட்டி இல்லை. முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. பாரிஸில் உள்ள ஓடாக்ஸ் கிளப் பாரிஸியன் வகுத்த விதிப்படி 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். 9 மணி நேரத்தில் வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் ஒரே மரியாதை. வழியில் உள்ள கன்ட்ரோல்களை, அதாவது நீங்கள் வந்ததைப் பதியும் இடங்களை, அதனதன் நேரத்துக்குள் கடந்து பிரெவே அட்டையில் பதிய வேண்டும். ஆள் இல்லாத கன்ட்ரோல் என்றால் நம் ஊரில் பல இடங்களில் ஏடிஎம் ரசீதையே சான்றாகக் கேட்பார்கள். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இருபதில் மிதித்தால் சக்கரம் சுழல்வது 10 மணி நேரம். நிற்பதற்கு மூன்றரை மணி நேரம் மிச்சம், தாராளம். பதினெட்டில் போனாலும் 11 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், நிற்க இரண்டேகால் மணி நேரத்துக்குக் குறையாமல் கிடைக்கும். நேரம் தப்புகிறவர்கள் பெரும்பாலும் டீக்கடை பெஞ்சில்தான் தப்பவிடுகிறார்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் அரை மணி.

வேளச்சேரியிலிருந்து: என்னிடம் இருப்பது ஹைப்ரிட் சைக்கிள். ரோடு பைக் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். ஹைப்ரிட் போதும். 32 மில்லிமீட்டர் டயர் நம் சாலைகளுக்கு நல்லதும்கூட. ஹெல்மெட், முன்விளக்கு, பின்விளக்கு, ஒளி பட்டால் மின்னும் மேல்சட்டை ஆகியவை கட்டாயம். இரண்டு ட்யூப், டயர் லீவர், பம்ப் எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் ஆனால் ட்யூபைத் தானே மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். கன்ட்ரோல் தவிர வேறு இடங்களில் பின்னால் வண்டி வைத்து உதவி வாங்க விதி இடம் தராது.

திருவான்மியூரிலிருந்து: ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) போகும்போது பறக்கிறேன், திரும்பும்போது உயிர் போகிறது. ஏன்?

காற்று. டிசம்பர், ஜனவரியில் நமக்கு வடகிழக்குக் காற்று. மாமல்லபுரம், கல்பாக்கம், கடப்பாக்கம் என்று தெற்கே போகும்போது முதுகில் தள்ளும். அப்போது 27, 28 என்று வேகம் காட்டும். அது உங்கள் கால் தந்த வேகம் இல்லை. கடப்பாக்கம் பக்கம் திரும்பி வடக்கே முகத்தை வைத்தீர்களானால் அதே காற்று நெஞ்சில் மோதும். மதியத்துக்குள் கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே போகும்போது பேசிக்கொண்டே மிதிக்கிற அளவுக்கு மேல் அழுத்தாதீர்கள். திரும்பும்போது வேகத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். லேசான கியரில் நிமிடத்துக்கு 80, 85 சுற்று என்று காலைச் சுழற்றுங்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து மாறி மாறி முன்னால் போய்க் காற்றை மறைக்கலாம், பிரெவேயில் அதற்குத் தடை இல்லை. எதிர்காற்றில் கனமான கியர் போட்டு வீம்பாக மிதிக்கிறவர்களை ஞாயிறு காலையில் 14ஆவது கிலோமீட்டரில் நடந்துகொண்டிருக்கப் பார்க்கலாம்.

மயிலாப்பூரிலிருந்து: சைவம். ஓட்டக்காரர்கள் சாப்பிடும் இனிப்பு ஜெல் எனக்கு வயிற்றைப் பிரட்டுகிறது. என்ன சாப்பிட்டுக்கொண்டு போவது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் நம் ஊர்ச் சாப்பாட்டிலேயே எல்லாம் இருக்கிறது.

தசையிலும் கல்லீரலிலும் உடம்பு சேமித்து வைக்கிற மாவுச்சத்து ஏறத்தாழ 400, 500 கிராம்தான். பத்து மணி நேரம் மிதிக்க அது காணாது. மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை வெளியிலிருந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். நடுத்தரமான ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம். ஓர் இட்லியில், அளவைப் பொறுத்து, 10 கிராம் போல. அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பழமும் கொஞ்சம் பேரீச்சையும் என்று வந்தாலே கணக்கு சரியாகிவிடும். கடலை மிட்டாய் நல்லது, ஆனால் கொழுப்பும் இருப்பதால் மெல்லச் செரிக்கும். முதல் பாதியில் தின்றுவிடுங்கள். மதியத்துக்குத் தயிர்சாதமும் ஊறுகாயும். வெயிலில் வயிறு ஏற்றுக்கொள்கிற சாப்பாடு அது, உப்பும் கிடைக்கிறது. பரோட்டா, பூரி, பிரியாணி எல்லாம் ஞாயிறு மதியத்துக்கு.

பசித்த பிறகு சாப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். 45 நிமிடத்துக்கு ஒரு முறை கைபேசியில் மணி அடிக்க வைத்து, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் கொஞ்சம் வாயில் போடுங்கள். 120ஆவது கிலோமீட்டருக்கு மேல் பலருக்கு இனிப்பைக் கண்டாலே குமட்டும். அப்போது கைகொடுக்க உப்புக் கடலையோ ஓர் உப்பு பிஸ்கட் பொட்டலமோ பையில் இருக்கட்டும்.

அண்ணா நகரிலிருந்து: எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் போதவில்லை என்று பயமாக இருக்கிறது.

குறைவாகக் குடிப்பதில் எவ்வளவு ஆபத்து உண்டோ அவ்வளவு ஆபத்து அளவுக்கு மேல் குடிப்பதிலும் உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும்தான் அதில் அதிகம் சிக்கினார்கள். மெதுவாக ஓடுகிற நாம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

தாகத்துக்குக் குடியுங்கள். சைக்கிளில் இரண்டு பாட்டில் இருந்தால் ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் ஓஆர்எஸ். பெரிய பாக்கெட் ஒன்று முழு ஒரு லிட்டருக்கானது. அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் கொட்டாதீர்கள். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் அதில் இருக்கிறது. உப்புக்கு அது சரி, சாப்பாட்டுக்குப் பதில் ஆகாது. தலைவலி, வாந்தி, விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, மனம் குழம்புவது எல்லாம் சேர்ந்து வந்தால் மேலும் தண்ணீர் ஊற்றாமல் மருத்துவக் குழுவிடம் போங்கள்.

சேலையூரிலிருந்து: 52 வயது, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். செய்யலாமா ஐயா?

செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாத்திரைச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென்று இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு வழியிலேயே இறங்கலாம், அன்று இரவு தூக்கத்திலும் இறங்கலாம். டாப்பாகிளிஃப்ளோசின் போன்றவை உடம்பில் நீரைக் குறைக்கும், பட்டினியோடு நீண்ட உழைப்பும் சேர்ந்தால் வேறு சிக்கலும் வரும். அதையும் மறக்காமல் கேளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். சோதிக்கும் கருவியைச் சட்டைப் பையில் வைத்து ஒவ்வொரு கன்ட்ரோலிலும் பாருங்கள். கூட ஓட்டுபவர் ஒருவருக்காவது உங்களுக்குச் சர்க்கரை உண்டு என்று தெரிந்திருக்கட்டும்.

நாவலூரிலிருந்து: பெண்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. சீட் வலி, கழிப்பறை, மாதவிடாய் மூன்றுக்கும் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டது நல்லதாயிற்று அம்மா. சீட் வலிக்குப் பஞ்சு கூடக் கூடச் சுகம் என்பது தவறு. இடுப்பின் உட்காரும் எலும்புகள் இரண்டும் சீட்டின் மேல் படிய வேண்டும். பெண்களில் பலருக்கு அந்த இடைவெளி கொஞ்சம் அகலம் என்பதால் அகலமான, நடுவில் பள்ளம் உள்ள சீட் பொருந்தும். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடாதீர்கள். தையல் உரசித்தான் புண்ணே வருகிறது. உரசும் இடத்தில் வாசலைன் தடவுங்கள்.

தோளில் மாட்டும் ஷார்ட்ஸை விட இடுப்பு ஷார்ட்ஸ் கழிப்பறைக்கு வசதி. எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது என்று முந்திய வாரமே பார்த்து வரைபடத்தில் குறித்து, மற்றப் பெண்களோடும் பகிருங்கள். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து. மாதவிடாய் நாளில் நாப்கின் உரசும். மாதவிடாய்க் கப் பழகியவர்களுக்கு அதுவே நல்லது, ஆனால் அன்றைக்கு முதல்முறையாக முயல வேண்டாம்.

போரூரிலிருந்து: 80 கிலோமீட்டருக்கு மேல் சுண்டுவிரல் மரத்துப்போகிறது.

உள்ளங்கையின் அந்தப் பக்க நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துகிறது. சீட்டின் மூக்கு கீழே சரிந்திருந்தால் முழுப் பாரமும் கையில் இறங்கும், அதை மட்டப்படுத்துங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கை வைக்கும் இடத்தை மாற்றுங்கள். ஒரு வாரத்துக்கு மேலும் மரப்பு போகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அம்பத்தூரிலிருந்து: சனி மாலைக்கும் ஞாயிறு காலைக்கும் நடுவில் என்ன செய்வது?

காலை 6 மணிக்குக் கிளம்பினால் மாலை 5 மணிக்குள் முடிக்கும்படி திட்டமிடுங்கள். முடித்த அரை மணிக்குள் ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும். பால், பழம், சுண்டல் எது கிடைத்தாலும் சரி. அப்புறம் குளியல். 7 மணிக்குச் சோறு, ரசம், பருப்பு, முட்டை சாப்பிடுபவர்கள் இரண்டு முட்டை. காரமும் எண்ணெயும் குறைவாக இருக்கட்டும். ஓட்டத்துக்கான பனியன், பிப் (மார்பில் குத்தும் எண் அட்டை), ஷூ எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமையே எடுத்து வைத்திருந்தால் சனி இரவு அரை மணி தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும். எட்டரைக்குப் படுங்கள். கால் துடித்துக்கொண்டு தூக்கம் வராவிட்டாலும் இருட்டில் கண்மூடிக் கிடப்பதே ஓய்வுதான். சைக்கிள் படத்தைப் போட்டு விருப்பம் எண்ணுவதை ஞாயிறு மாலைக்குத் தள்ளிவையுங்கள்.

காலையில் ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு எழுந்து பிரெட்டோ இட்லியோ, ஒரு காபி.

பெருங்குடியிலிருந்து: ஓட்டத்தில் என்ன வேகம்?

உங்கள் வழக்கமான அரை மாரத்தான் வேகத்தை விடக் கிலோமீட்டருக்கு 45 விநாடி முதல் ஒரு நிமிடம் மெதுவாக. முதல் மூன்று கிலோமீட்டர் கால் மரக்கட்டையாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். சைக்கிளில் தொடை களைக்கும், ஆனால் தரையில் மோதும் அடி இல்லை. அதனால்தான் சனி சைக்கிள், ஞாயிறு ஓட்டம் என்ற வரிசையையே நான் விரும்புகிறேன். ஓட்டம் முதலில் வந்தால் மறுநாள் தசை நோவோடு பத்து மணி நேரம் சீட்டில் உட்கார வேண்டியிருக்கும்.

வில்லிவாக்கத்திலிருந்து: காலையில் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?

கூடவே கூடாது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் உடம்பு வறண்டிருக்கும் நேரத்தில் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்றால் அன்று ஓட வேண்டாம். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் ஓட்டத்தை மறந்துவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல், நெஞ்சு இறுக்கம், நொண்டும் அளவுக்கு வலி, எழுந்தவுடன் நாடித்துடிப்பு வழக்கத்தை விடப் பத்துக்கு மேல் கூடியிருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளம்பாதீர்கள். இந்தத் தீர்மானம் எடுத்த நண்பர்களை நான் மனதார மதிக்கிறேன். முடித்த பிறகு தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டியும் வீட்டுக்குப் போகாதீர்கள். யாரையாவது வரச் சொல்லுங்கள்.

மடிப்பாக்கத்திலிருந்து: இது நன்றாக முடிந்தால் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் கனவு காணலாமா?

தாராளமாக. 1891இல் தொடங்கிய பிரான்ஸ் நாட்டு நெடுந்தூர சைக்கிள் நிகழ்ச்சி, இப்போது நாலு ஆண்டுக்கு ஒரு முறை. 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அடுத்தது 2027இல். அந்தப் பருவத்திலேயே 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிரெவே நான்கையும் முடித்திருந்தால்தான் தகுதி. 300க்கு 20 மணி நேரம், 400க்கு 27, 600க்கு 40. இந்த 200க்குப் பிறகு இரண்டு, மூன்று வாரம் விட்டு ஒரு 300க்குப் பெயர் கொடுங்கள். இருட்டில் ஓட்டிப் பழகுவது அங்கேதான் தொடங்கும். இப்போது வைத்திருக்கிற முன்விளக்கு ஒரே சார்ஜில் எத்தனை மணி நேரம் எரிகிறது என்று அதற்குள் வீட்டிலேயே ஓர் இரவு எரிய விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.