லேப்டாப் ஆன் ஆகவில்லை, "போர்டு போச்சு" என்கிறார்கள். புதிதாக வாங்கிவிடலாமா?

மூன்று வருட லேப்டாப், ராத்திரி வரை நன்றாக ஓடியது, காலையில் பட்டனை அழுத்தினால் உயிரே இல்லை, சர்வீஸ் சென்டரில் போர்டையே (உள்ளே எல்லா பாகங்களும் உட்கார்ந்திருக்கும் மதர்போர்டு) மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டு வாங்காதீர்கள். இதே வார்த்தையைக் கேட்டுவிட்டு ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தவள் நான்.

மதுரையில் வீட்டிலிருந்தபடியே சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். போன வருஷம் ஒரு 18ஆம் தேதி காலையில் என் லேப்டாப் ஆன் ஆகவில்லை. 20ஆம் தேதிக்குள் 3பி என்கிற மாத ஜிஎஸ்டி கணக்கைப் போட்டாக வேண்டும். பதினொரு கடைகளுக்கு டேலி சாஃப்ட்வேரில் எழுதிய கணக்கு அதற்குள் மாட்டிக்கொண்டது. சர்வீஸ் சென்டருக்கு ஓடினேன். பார்ப்பதற்கு மட்டும் 500 ரூபாய், அதன்மேல் 18 சதவீத வரி, ஆக 590. ஒரு மணி நேரம் கழித்து வந்து, "போர்டு போச்சு மேடம், 21,000 ஆகும், எட்டு நாள் ஆகும்" என்றார்கள். எந்த பாகம் போனது என்று கேட்டேன். "போர்டுதான் மேடம்" என்றார்கள்.

அன்றைக்கு ராத்திரி மனசு கேட்காமல் மறுபடி சார்ஜரைச் செருகிப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. சார்ஜர் பெட்டியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு. பிளக்கில் போட்டதும் எரிகிறது. பின்னை லேப்டாப்பில் செருகிய அந்த நொடியே அணைந்துவிடுகிறது. உருவிவிட்டால் கொஞ்ச நேரத்தில் மறுபடி எரிகிறது. பத்துத் தடவையாவது செய்து பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அப்படியேதான்.

மறுநாள் டவுன்ஹால் ரோடு பக்கம், மாடியில் சிப் லெவல் வேலை (முழு போர்டை மாற்றாமல் அதில் கெட்ட சின்ன பாகத்தை மட்டும் மாற்றுவது) பார்க்கும் ஒரு தம்பியிடம் போய் இதைச் சொன்னேன். "அக்கா, பாதி வேலையை நீங்களே முடிச்சுட்டீங்க. ஷார்ட் இருக்கு, கரண்ட் போகக் கூடாத குறுக்கு வழியில போகுது, அதான் சார்ஜர் தன்னைக் காப்பாத்திக்க அணையுது" என்றார். போர்டைக் கழற்றி, மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) பீப் மோடில் வைத்து, சார்ஜர் வரும் 19 வோல்ட் லைனையும் கிரவுண்டையும் தொட்டார். பீப் என்று கத்தியது. இரண்டும் நேராக ஒட்டியிருந்தால்தான் அப்படிக் கத்தும், அந்த இடத்தில் கத்தக் கூடாதாம். அப்புறம் பவர் சப்ளையில் 1 வோல்ட் மட்டும் வைத்து அந்த லைனில் கொடுத்தார். போர்டின் மேல் ஸ்பிரிட்டைப் பரவலாகத் தடவினார். எல்லா இடமும் ஈரமாக இருக்க, சார்ஜர் சாக்கெட் பக்கத்தில் எள்ளு அளவில் இருந்த ஒரு பழுப்பு நிற கெப்பாசிட்டர் (கரண்ட்டைச் சீராக்கும் சின்ன பாகம்) மேல் மட்டும் பளிச்சென்று காய்ந்தது. ஷார்ட்டான பாகம் சூடாகும், சூட்டில் ஸ்பிரிட் பறந்துவிடும். அதை எடுத்ததும் பீப் நின்றது. பழைய போர்டு ஒன்றிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். சார்ஜரைச் செருகினோம். பச்சை விளக்கு அணையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1,500 ரூபாய் வாங்கினார், அதுவும் நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

எல்லாப் போர்டும் இப்படிப் பிழைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் கொட்டி அரித்துப்போனது, பிராசஸரே போனது என்றால் மாற்றத்தான் வேண்டும். சர்வீஸ் சென்டர்காரர்களைத் திருடர்கள் என்றும் சொல்லவில்லை, முழு போர்டாக மாற்றுவதுதான் பல இடங்களில் அவர்கள் நடைமுறை. வாரண்டி இருந்தால் வெளியே கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஆனால் "போர்டு போச்சு" என்பதை ஒரு பதிலாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். எந்த லைன், எந்த பாகம் என்று கேளுங்கள்.

அதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. மெஷின் செத்திருக்கிறதா, திரை மட்டும் வரவில்லையா என்று பாருங்கள். ஃபேன் சத்தம் வந்தாலோ கேப்ஸ் லாக் விளக்கு எரிந்தாலோ மெஷின் உயிரோடு இருக்கிறது, கோளாறு ரேமிலோ திரையிலோ இருக்கலாம். ஒன்றுமே இல்லையென்றால் சார்ஜரை எடுத்துவிட்டு, கழற்றும் பேட்டரியாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் போட்டுப் பாருங்கள். அடிப்பக்கம் உப்பியிருந்தால் இது எதையும் செய்ய வேண்டாம், பேட்டரி வீங்கியிருக்கும், அது ஆபத்து. உருண்டைப் பின் சார்ஜர் என்றால் மல்டிமீட்டரில் 19 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். சி டைப் சார்ஜரை இப்படிச் சோதிக்க முடியாது, லேப்டாப் கேட்ட பிறகுதான் அது 5 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும்.

     

சரி, இனி உங்கள் சார்ஜரைப் பாருங்கள். சார்ஜரில் விளக்கு இருக்கிறதா? பின்னைச் செருகும்போது அணைகிறதா, எரிந்தபடியே இருக்கிறதா? அதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.