ரத்தம் நார்மல், கழுத்தில் கட்டி

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறேன், வயது 43. கழுத்தின் முன்புறம் ஓராண்டாக வீக்கம். தைராய்டு ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். 2.1, நார்மல். சேலத்தில் எடுத்த ஸ்கேனில் தைராய்டு பெருத்திருக்கிறது, பல கட்டிகள் உள்ளன என்றார்கள். வலப்பக்கக் கட்டி 3 செ.மீ., டைராட்ஸ் (ஸ்கேனில் கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று காட்டும் எண்) 2. இடப்பக்கக் கட்டி 1.8 செ.மீ., டைராட்ஸ் 4. பெரியதை விட்டுவிட்டுச் சிறியதில் ஊசி குத்திப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். குத்தினால் புற்றுநோயாகிவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். ரத்தம் நார்மல்தானே, இது தேவையா?

பதில்: தேவைதான். சிறிய கட்டியைத் தேர்ந்ததும் சரிதான்.

டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை மட்டுமே சொல்லும். கட்டி எப்படிப்பட்டது என்று அதற்குத் தெரியாது. தைராய்டு புற்றுநோய் உள்ள பெரும்பாலோருக்கும் ரத்த அளவு நார்மலாகவே இருக்கும். டி.எஸ்.ஹெச். குறைந்திருந்தால், கட்டி அதிகமாக ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்க்கும் ஐசோடோப் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அது வேண்டாம். சி.டி. ஸ்கேனும் இப்போது வீண் செலவு.

கட்டியின் அளவைவிட அதன் தோற்றம் முக்கியம். கறுத்துத் தெரிகிறதா, விளிம்பு ஒழுங்கற்றதா, அகலத்தைவிட உயரம் கூடுதலா, உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள் உண்டா என்று பார்த்துத்தான் டைராட்ஸ் எண் தருகிறார்கள். 2 என்றால் எவ்வளவு பெரிதானாலும் சந்தேகத்துக்காக ஊசி குத்துவதில்லை. 4 என்றால் 1.5 செ.மீ. தாண்டியதும் குத்திப் பார்க்க வேண்டும்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்து ஸ்கேன் எடுத்த நீங்கள் இந்த ஓர் ஊசிக்கா அஞ்சுவது? ரத்தம் எடுக்கும் ஊசியைவிடப் பெரும்பாலும் மெல்லியது. ஸ்கேனில் பார்த்தபடியே குத்துவார்கள். மயக்க மருந்து தேவையில்லை. சில நிமிட வேலை. நல்ல கட்டி ஊசியால் புற்றுநோயாக மாறாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

முடிவு ‘பெதஸ்டா’ என்ற ஆறு வகைகளில் ஒன்றாக வரும். 1 என்றால் செல்கள் போதவில்லை, மறுபடி குத்த வேண்டும். அது கெட்ட செய்தி அல்ல. 2 என்றால் சாதாரணக் கட்டி; ஓராண்டு கழித்து ஸ்கேன் போதும். 3, 4 இரண்டும் நிச்சயமற்றவை, நேரில் பேச வேண்டும். 5, 6 என்றால் அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல.

தைராய்டு வீங்கும் என்று பயந்து, மரவள்ளிக் கிழங்கை நிறுத்த வேண்டுமா என்று சேலத்துக்காரர்கள் கேட்காமல் போவதில்லை. அயோடின் உப்பு சேர்த்துக்கொள்பவர் நன்றாக வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம். நிறுத்தினாலும் இருக்கும் கட்டி கரையாது.

குரல் கம்மினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ, கட்டி திடீரென வளர்ந்தாலோ பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் உடனே டாக்டரிடம் செல்லுங்கள்.