மெல்லிய ஸ்மார்ட்போனை பாக்கெட்டில் வைத்தால் வளைந்துவிடுமா?

முன் பாக்கெட் என்றால் கவலையே வேண்டாம். பின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அப்படியே பைக்கில் உட்காருகிற ஆள் என்றால் கொஞ்சம் யோசிக்கணும்.

இப்போது மெல்லிய போன் என்று சொல்வது 6 மில்லிமீட்டருக்கும் குறைவானதை. 2025-இல் வந்த கேலக்ஸி எஸ்25 எட்ஜ் 5.8, ஐபோன் ஏர் 5.6 (கேமரா மேடு இந்தக் கணக்கில் வராது, அது தனி!).

விஷயம் என்னவென்றால், ஒரு தகட்டைப் பாதித் தடிமனாக்கினால் அதன் விறைப்பும் பாதியாகும் என்று நினைப்போம், ஆனால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்கையாகப் பிடித்து அழுத்தினால் லேசாக வளையும், அதையே திருப்பிச் செங்குத்தாகப் பிடித்தால் அசையவே அசையாது, அதே கதைதான்.

2014-இல் ஐபோன் 6 பிளஸ் பாக்கெட்டிலேயே வளைகிறது என்று பெரிய ரகளை நடந்தது. இத்தனைக்கும் அது 7.1 மில்லிமீட்டர், இன்றைக்குப் பார்த்தால் குண்டு. வால்யூம் பட்டனுக்காகத் துளை போட்ட இடம் பலவீனம், அங்கேதான் மடங்கியது. அடுத்த வருடமே 6எஸ்-இல் உறுதியான 7000 வரிசை அலுமினியத்துக்கு மாறினார்கள். மேலே சொன்ன இரண்டு புதிய போன்களுக்கும் டைட்டானியச் சட்டம், அதனால் மெலிந்தாலும் தாங்குகின்றன.

அப்புறம், டைட்டானியம் என்றால் கீழே விழுந்தாலும் உடையாது என்று பலர் நம்புகிறார்கள். அது வளையாமல் காப்பதற்குத்தான், தரையில் மோதும் கண்ணாடி கண்ணாடிதான்.