ஒரு ஓட்டில் மூன்றில் ஒரு பங்கால் தோற்ற மசோதா

அன்புள்ள ஐயா,

2024 டிசம்பர் 17 அன்று 'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதா மக்களவைக்கு வந்தபோது ஆதரவு 269, எதிர்ப்பு 198. எழுபத்தோரு ஓட்டு வித்தியாசம். அன்று இரவு டிவி விவாதத்தில் ஒருவர் "இது போதாது" என்றார். இன்னொருவர் "362 வேண்டும்" என்றார். மூன்றாமவர் பாதி மாநிலங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். மெஜாரிட்டி என்றால் மெஜாரிட்டிதானே? இத்தனையும் தாண்டிய பிறகும் கோர்ட் தள்ளிவிடலாம் என்றால் நாடாளுமன்றம் எதற்கு?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

மூவர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

அன்று நடந்தது அறிமுகம் மட்டுமே. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை, அதாவது வந்து ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல், போதும் என்பதால் மசோதா முறைப்படி உள்ளே வந்து கூட்டுக்குழுவுக்குப் போனது. ஆனால் இது அரசியல் சாசனத்தையே திருத்தும் மசோதா. சாசனத்தைத் திருத்தும் முறையைச் சொல்லும் 368-வது பிரிவு கேட்கும் ஓட்டு அதற்குப் பிறகுதான் வரும். மசோதாவைப் பரிசீலனைக்கு எடுக்கும்போதும், அதன் ஒவ்வொரு கூறுக்கும், கடைசியில் நிறைவேற்றும்போதும் அந்தப் பிரிவு கேட்கும் பெரும்பான்மையைக் காட்டியாக வேண்டும். அங்கே குரல் வாக்கெடுப்பு செல்லாது, தலையை எண்ண வேண்டும்.

அந்த ஓட்டு ஒரே நேரத்தில் இரண்டு சோதனைகளில் தேற வேண்டும். முதலாவது, அவையின் மொத்த எண்ணிக்கையில் பாதிக்கு மேல். காலி இடங்களும் இந்தக் கணக்கில் சேரும். மக்களவையின் 543-க்கு 272, மாநிலங்களவையின் 245-க்கு 123. இரண்டாவது, வந்திருந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல். டிவியில் சொன்ன 362, ஒருவர் விடாமல் 543 பேரும் ஓட்டுப் போட்டால் வருகிற எண். அன்று விழுந்தவை 467 ஓட்டுகள். அதில் மூன்றில் இரண்டு பங்கு 311.33. ஓட்டை நறுக்கிப் போட முடியாது, ஆகவே 312. அன்றைய 269-க்கு இன்னும் 43 குறைகிறது.

இப்போது ஒரு கற்பனை. எதிர்த்த 198 பேரில் 100 பேர் வெளிநடப்பு செய்துவிட்டார்கள் என்று வையுங்கள். ஓட்டுப் போட்டவர்கள் 367 பேர், தேவை 245. இரண்டாவது சோதனையில் 269 சுலபமாகத் தேறிவிடும். ஆனால் 272 வராததால் முதல் சோதனையில் விழும். ஆளில்லாத அவையில் சாசனத்தைத் திருத்திவிடக் கூடாது என்றுதான் அந்த அடிமட்டக் கோடு போட்டிருக்கிறார்கள்.

வெளிநடப்பை நம் ஊரில் வீரமாகச் சொல்கிறோம். 2016-ல் ஜிஎஸ்டிக்கான திருத்தத்தை எதிர்த்துப் பேசிய அதிமுக, மாநிலங்களவையில் ஓட்டு நேரத்தில் வெளியேறியது. உள்ளே உட்கார்ந்து போடும் ஒவ்வொரு 'இல்லை'க்கும் ஆளும் தரப்பு இரண்டு 'ஆம்' தேட வேண்டும். வெளியே போனால் அந்தத் தேவை மறைந்துவிடும். அன்று அந்த ஓட்டுகளால் முடிவு மாறியிருக்காது என்பது வேறு விஷயம்.

ஒற்றை ஓட்டு இல்லாமல் முடிவு மாறியதும் உண்டு. முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்குக் கொடுத்துவந்த மானியத்தை ஒழிக்கும் திருத்தம் 1970 செப்டம்பரில் மக்களவையைத் தாண்டி மாநிலங்களவைக்கு வந்தது. 5-ஆம் தேதி ஓட்டெடுப்பு. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224, தேவை 149.33. ஒரு ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததில் மசோதா செத்தது. சாதாரண மசோதா என்றால் இரு அவைகளையும் கூட்டிவைத்து ஓட்டெடுக்கலாம், திருத்த மசோதாவுக்கு அந்த வழி கிடையாது. இந்திரா காந்தி அரசு குடியரசுத் தலைவர் ஆணை மூலம் மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்து பார்த்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. 1971 தேர்தலில் பெரும் வெற்றி பெற்றுத் திரும்பிய பிறகே 26-வது திருத்தமாக அது நிறைவேறியது.

மாநிலங்களின் ஒப்புதல் எல்லாத் திருத்தத்துக்கும் தேவையில்லை. குடியரசுத் தலைவர் தேர்தல், உச்ச, உயர் நீதிமன்றங்கள், மத்திய மாநிலச் சட்ட அதிகாரப் பங்கீடு, நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் இடம், 368-வது பிரிவு போன்றவற்றில் கைவைத்தால்தான் வேண்டும். 28-ல் 14 சட்டமன்றங்கள் சாதாரணப் பெரும்பான்மையில் தீர்மானம் போட்டால் போதும்.

இங்கே சறுக்குவதும் உண்டு. கூட்டுறவுச் சங்கம் மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலங்கள் சட்டம் இயற்ற வேண்டிய விஷயங்களின் பட்டியலில், உள்ளது. 2011-ல் நாடாளுமன்றம் 97-வது திருத்தம் கொண்டுவந்து, சங்க இயக்குநர்கள் 21 பேருக்கு மேல் கூடாது, பதவிக்காலம் ஐந்து ஆண்டு என்றெல்லாம் மாநிலங்களுக்கு வரையறை வைத்தது. இரு அவைகளிலும் குறையில்லை, மாநிலங்களுக்கு மட்டும் அனுப்பவில்லை. "பட்டியலில் ஒரு சொல்லைக்கூட நாங்கள் தொடவில்லையே" என்பதுதான் மத்திய அரசின் வாதம். பட்டியலைத் தொடாவிட்டாலும் மாநிலத்தின் அதிகாரம் சுருங்குகிறதே என்றது நீதிமன்றம். 2013-ல் குஜராத் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 2021 ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பல மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கான பகுதி மட்டும் தப்பியது.

நீங்கள் கேட்ட மசோதாவுக்கு மாநில ஒப்புதல் வேண்டாம், உள்ளாட்சித் தேர்தலையும் சேர்க்கும்போதுதான் வேண்டும் என்பது இந்தத் திட்டத்தை ஆராய்ந்த, முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தலைமையிலான குழுவின் கருத்து. மக்களவைத் தேர்தலோடு சேர்த்து நடத்துவதற்காகச் சட்டமன்றத்தின் ஆயுளைக் குறைப்பது மாநில உரிமையைத் தொடாதா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போகும் என்றே நினைக்கிறேன்.

கடைசிக் கேள்வி. கேசவானந்த பாரதி வழக்கில் 1973 ஏப்ரல் 24 அன்று 13 நீதிபதிகளில் 7 பேர் சொன்னது: சாசனத்தைத் திருத்தலாம், ஆனால் மக்களாட்சி, நீதித்துறைச் சுதந்திரம் போன்ற அதன் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்கக் கூடாது. ஏழுக்கு ஆறு என்பது மெல்லிய நூல்தான். ஆனால் 2023 வரை வந்த 106 திருத்தங்களில் அந்த நூலில் இடறி விழுந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். என்னை உறுத்துவது நீதிபதி நியமன ஆணையத்துக்கான 99-வது திருத்தம். இரு அவைகளிலும் ஒரு எதிர்ப்பு ஓட்டுகூட இல்லை, பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களும் ஒப்பின. 2015-ல் நாலுக்கு ஒன்று என்று ரத்தானது. நிறைவேற்றிய முறையில் குறை சொல்ல ஏதுமில்லாத திருத்தம் அது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாநிலத்தைப் பிரிப்பதற்கும் பெயர் மாற்றுவதற்கும் 368-வது பிரிவே வேண்டாம், சாதாரணப் பெரும்பான்மை போதும். மெட்ராஸ் மாநிலம் 1969 ஜனவரி 14 அன்று தமிழ்நாடு ஆனது அப்படித்தான். மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும், ஏற்க வேண்டியதில்லை. 2014-ல் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்துத் திருப்பி அனுப்பியது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது.