பழைய கேரவன், இரண்டு பேட்டரி, மூன்று சுவிட்ச்: கேள்வி பதில்

வேனை வீடாக்கியவர்களும் பழைய கேரவன் வாங்கியவர்களும் கேட்டவை இவை. பேட்டரி சுவிட்ச் பற்றி மட்டும் பதில் சொல்கிறேன். ஏசி, டயர், எஃப்.சி. எல்லாம் நம்ம வேலை இல்லீங்க.

பொள்ளாச்சி: ஷூட்டிங்குக்கு ஓடிய பழைய கேரவன் வாங்கினேன். டிரைவர் சீட்டுக்கடியில் சிவப்புத் திருகு சுவிட்ச், உள்ளே கதவோரம் ஒரு சின்ன சுவிட்ச், டேஷ்போர்டில் ஒரு அமுக்கு பட்டன். எது எதற்குங்க?

இந்த வண்டிகளில் இரண்டு பேட்டரி இருக்கும். ஒன்று செல்ஃப் அடிக்க, அது என்ஜின் பேட்டரி. இன்னொன்று லைட், ஃபேன், தண்ணி மோட்டாருக்கு, அது வீட்டு பேட்டரி. செல்ஃப் பேட்டரி சில நொடி நூற்றுக்கணக்கான ஆம்பியர் தள்ளிவிட்டு, உடனே டைனமோவிடம் திரும்ப வாங்கிக்கொள்ளும். அதில் ராத்திரி முழுக்க ஃபேன் ஓட்டினால் சீக்கிரம் செத்துவிடும். இரண்டையும் பிரித்து வைத்திருப்பது அதற்குத்தான்.

சிவப்புத் திருகு பெரும்பாலும் என்ஜின் பேட்டரியின் கட் ஆஃப், அதாவது பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச். கதவோரம் இருப்பது வீட்டு பேட்டரிக்கு. அமுக்கு பட்டன், செல்ஃப் அடிக்காத நாளில் இரண்டு பேட்டரியையும் சேர்த்துவிடும். அமுக்கிப் பிடித்திருக்கும் வரைதான் வேலை செய்யும்.

'பெரும்பாலும்' என்றேன், ஏனென்றால் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் வயரில் கை வைத்தார்களோ! என்ஜினை நிறுத்திவிட்டு, மல்டிமீட்டரை எடுத்து, ஒவ்வொரு சுவிட்சாக அணைத்து எது சாகிறது, எது சாகவில்லை என்று பாருங்கள். பார்த்ததை மார்க்கரில் சுவிட்ச் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

என்ஜின் ஓடும்போது சிவப்புச் சுவிட்சைத் திருகவே கூடாது. டைனமோ தள்ளும் கரண்டுக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்ட் எகிறி, டைனமோவின் டயோடு போய்விடும்.

கோபி: என்ஜின் ஓடினாலும் வீட்டு பேட்டரி சார்ஜ் ஏறுவதில்லை.

என்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரியிலும் வோல்ட் பாருங்கள். என்ஜின் பேட்டரியில் 14-ஐ ஒட்டி இருந்து, வீட்டு பேட்டரி 12.3-லேயே நின்றால், நடுவில் இரண்டையும் தானாகச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்சான ரிலே சேர்க்கவில்லை. வோல்ட் பார்த்துச் சேர்க்கும் வகை ரிலே 13.3 சுமாருக்கு வந்தபிறகுதான் சேர்க்கும், கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். மாற்றுவதானால் செல்ஃப் ரிலேயை மாட்டாதீர்கள். அது சில நொடிக்கு மட்டும் வேலை செய்யப் படைத்தது, பொள்ளாச்சி போவதற்குள் காயில் கருகிவிடும். தொடர்ந்து ஓடும் ரிலே என்று கேட்டு வாங்குங்கள்.

நாமக்கல்: லாரியில் கட் ஆஃப் எப்பவும் நெகட்டிவில்தான் போடுவோம். நீங்கள் வீட்டு பேட்டரிக்குப் பாசிட்டிவில் போடச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஏனுங்க இப்படி?

ஆமாங்க, சொன்னேன். லாரிக்கு நீங்கள் செய்வதே சரி. நெகட்டிவை வெட்டினால் பாடி மொத்தமும் செத்துவிடும். ஸ்பானர் தவறி பாசிட்டிவில் பட்டாலும் பொறி பறக்காது.

கேரவனில் கதை வேறு. இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர் எல்லாவற்றின் நெகட்டிவையும் பேட்டரி கம்பத்திலேயே (டெர்மினலிலேயே) நேராக முறுக்கிவைத்திருப்பார்கள். அப்புறம் நெகட்டிவில் போட்ட சுவிட்சை அணைத்து என்ன பயன்? அவை ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கரூர், பாடி கட்டும் பட்டறை: பாசிட்டிவில் போட்டால் பேட்டரியிலிருந்து சுவிட்ச் வரைக்கும் வயர் உயிரோடுதானே இருக்கும்? உரசினால் தீ!

நியாயம். அதனால் சுவிட்சையும் பியூசையும் பேட்டரிக்கு ஒரு சாணுக்குள் வையுங்கள். டிரைவர் சீட் வரை பியூஸ் இல்லாமல் இழுத்துவிட்டு 'கட் ஆஃப் போட்டாச்சு' என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நாமக்கல் மறுபடியும்: நெகட்டிவ் எல்லாவற்றையும் சுவிட்சுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டினால் என்ன குறை?

எல்லாவற்றையும் கட்டினால் ஒரு குறையும் இல்லை. ஒன்றை விட்டால்தான் வில்லங்கம். என்ஜின் பேட்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் நெகட்டிவை அதன் கம்பத்தில் விட்டுவிட்டார்கள், இன்வெர்ட்டர் பெட்டி பாடியிலும் எர்த் ஆகியிருக்கிறது என்றால், கட் ஆஃப் அணைந்திருந்தும் பாடிக்குப் பாதை திறந்திருக்கலாம். அந்த நேரம் செல்ஃப் அடித்தால் அத்தனை கரண்டும் இன்வெர்ட்டரின் எர்த் வயர் வழியாகப் போகப் பார்க்கும். வயர் மெல்லிசாக இருந்தால் உருகும். உங்கள் ஆட்கள் ஒழுங்காகக் கட்டுவார்கள். நாளைக்கு வண்டியை வாங்குபவர் புதிதாக ஒன்று மாட்டும்போது அந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவாரா?

காங்கேயம்: மகன் அமெரிக்காவில் பழைய மோட்டார்ஹோம் வாங்கியிருக்கிறான். கதவுப் பக்கம் 'யூஸ் / ஸ்டோர்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதாம். அமுக்கினால் எதுவும் ஆவதில்லை என்கிறான்.

அந்தச் சுவிட்சுக்குள் பெரிய கரண்ட் போகாதும்மா. பேட்டரி பக்கத்தில் இருக்கும் ரிலேக்கு ஒரு தட்டு தட்டும், அவ்வளவுதான். ரிலே 'டக்' என்று மாறி, தட்டு நின்றபிறகும் அப்படியே நிற்கும். தம்பியைப் பேட்டரி பக்கத்தில் நிற்க வைத்து இன்னொருவரை அமுக்கச் சொல்லுங்கள். 'டக்' கேட்கவில்லை என்றால் முதலில் சுவிட்சின் சின்ன பியூசைப் பார்க்கட்டும், அப்புறம் ரிலே. இன்னொன்று: பல வண்டிகளில் 'ஸ்டோர்' பக்கம் வைத்துவிட்டு வெளிக் கரண்டில் மாட்டினால் பேட்டரிக்குச் சார்ஜ் போகாது.

ஈரோடு: கட் ஆஃப் அணைத்தும் ஒரு மாதத்தில் பேட்டரி டவுன்.

கட் ஆஃபுக்கு முன்னாலேயே ஏதோ நேராக மாட்டியிருக்கிறது. ஜி.பி.எஸ்., ஆடியோ மெமரி, கேஸ் அலாரம் என்று தேடுங்கள். 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். 60 ஆம்பியர் அவர் பேட்டரியில் 25 நாளில் பாதி காலி. கேஸ் அலாரம் என்றால் அதைப் பிடுங்க வேண்டாம், நின்றிருக்கும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுங்கள்.

திருப்பூர்: கட் ஆஃப் அணைத்தும் பேட்டரி இறங்குதுங்க.

ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோவை: வீட்டு பேட்டரியை லித்தியமாக மாற்றினால் பழைய ரிலே போதுமா?

போதாது. லித்தியம் டைனமோவிடமிருந்து அள்ளிக் குடிக்கும், டைனமோ சூடேறிப் போய்விடும். நடுவில் கரண்டை அளந்து கொடுக்கும் டிசி டு டிசி சார்ஜர் வையுங்கள்.

திருச்செங்கோடு: போர்வெல் போடும் ரிக் வண்டியில் இதே சுவிட்ச் போடலாமா?

அது 24 வோல்ட். உங்கள் ஊரிலேயே ரிக் வயரிங் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள்.

பவானி: வண்டி ஓடும்போது கட் ஆஃப் திருகினால் டீசல் மிச்சமாகுமா?

டீசல் மிச்சமாகாது. டைனமோ மிச்சமிருக்காது. மேலே பொள்ளாச்சிக்காரருக்குச் சொல்லியாச்சு.

தாராபுரம்: எந்த கம்பெனி சுவிட்ச் வாங்கலாம்?

கம்பெனி பெயர் சொல்வதில்லை. தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். செல்ஃப் வயரில் போடுவதானால், சில நொடிக்கு எத்தனை தாங்கும் என்பதும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத மலிவுச் சுவிட்சைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பல்லடம்: அண்ணா, கட் ஆஃப் அணைத்தும் பேட்டரி...

ஈரோடு.